சக்கரையும் சக்கையும்

கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமாவின் தோட்டத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன்பு வரை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கரும்பை ஆட்டிச் சாறெடுத்து, கொப்பரையில் காய்ச்சி, நாட்டுச் சக்கரையாக்கி, மூட்டை பிடித்துக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குக் கொள்முதலாகும் சக்கரையில் தன் தோட்டத்து மூட்டையும் ஒன்றிரண்டு இருக்கும் என்பது அவருக்கு வாழ்நாள் பெருமை. அப்படிப்பட்டவரின் வீட்டுச் சமையலறையிலிருந்து சக்கரை டப்பா காணாமல் போனது, அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில்தான். புற்றுநோய்க்குச் சக்கரைதான் தீனி என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியை அத்தை பார்த்துவிட்டிருந்தார். முதலில் அஸ்கா என்னும் வெள்ளைச் சக்கரை நின்றது, பிறகு நாட்டுச் சக்கரை, கடைசியில் வாழைப்பழம்கூட நின்றுபோனது.

நான் கோபியை அடுத்த ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன் என்பதால், கோவையில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த மாமா என்னிடம்தான் கேட்டார். "அம்மிணி, நீ படிச்சவ, சொல்லு. நான் காச்சுன சக்கரையே என்னயத் தின்னுதாக்கும்?" அன்றைக்கு, அப்படியெல்லாம் இல்லைங்க மாமா, பழம் சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியில் பாதி சரி. அந்தப் பாதி எது, தவறான பாதி எது என்பதைப் பிரித்துச் சொல்ல ஒரு வரி போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு வந்தது கடும் மைலாய்டு லுகேமியா. மருத்துவமனையில் எல்லாரும் ஏ.எம்.எல். என்றே சொல்கிறார்கள். எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுவாக முதிர வேண்டிய இளஞ்செல்கள் முதிராமலே பெருகிக்கொண்டு போவது இந்த நோய். அந்தச் செல்களைப் பிளாஸ்ட் என்பார்கள். மஜ்ஜையில் அவை 20 சதவீதத்தைத் தொட்டாலே பொதுவாக நோய் உறுதி; மாமாவுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. மார்பகத்திலோ குடலிலோ வரும் கட்டிக்கும் இதற்கும் நம் பேச்சுக்குத் தேவையான ஒரு வேறுபாடு உண்டு. கட்டி, உடலின் ஏதோ ஓர் உறுப்பில் உட்கார்ந்திருக்கும். நோய் எதிர்ப்புச் செல்கள் வெளியிலிருந்து அங்கே போக வேண்டும். இரத்தப் புற்றுநோயோ அந்த எதிர்ப்புச் செல்கள் பிறக்கிற, பிறகும் வந்து தங்குகிற வீட்டுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. ஒரே வளவில், ஒரே அடுப்பில், இருவருக்கும் சமையல்.

சக்கரைக் கதை 1920களில் தொடங்குகிறது. பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்னும் உயிர்வேதியியலாளர் புற்றுத் திசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டி, அவை குளுக்கோஸை என்ன செய்கின்றன என்று அளந்து பார்த்தார். சாதாரணச் செல், ஆக்சிஜன் கிடைக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை மைட்டோகாண்ட்ரியா என்னும் செல்லின் உள் அடுப்பு வரை கொண்டுபோய் முழுக்க எரித்து, ஏறக்குறைய 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் (செல்லின் ஆற்றல் நாணயம்) அளவுக்கு ஆற்றல் எடுக்கும். புற்றுச் செல்லோ ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் பெரும்பகுதிக் குளுக்கோஸைப் பாதியில் நிறுத்தி, வெறும் 2 ஏ.டி.பி.யோடு திருப்தியடைந்து, மீதியை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. வார்பர்க்குக்கு 1931இல் கிடைத்த நோபல் பரிசு இதற்காக அன்று, சுவாச நொதி பற்றிய ஆய்வுக்காக. ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது இந்தக் கண்டுபிடிப்பில்தான்.

ஆலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கரும்பை உருளையில் ஒரேயொரு முறை கொடுத்துவிட்டு, வந்த சாறு போதும் என்று, ஈரம் சொட்டும் சக்கையை வரப்போரம் வீசுகிற ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு சாறு பிடிக்க அவனுக்குப் பத்து மடங்கு கரும்பு வேண்டும். அதனால் ஊர்க் கரும்பையெல்லாம் அவனே வாங்கிக் குவிப்பான். வீசிய ஈரச் சக்கையோ இரண்டே நாளில் புளித்து நாறி, பக்கத்துத் தோட்டத்துக்காரனை வீட்டுக்குள் இருக்கவிடாது. கரும்பு கிடைக்காமல் போவது ஒரு துன்பம், சக்கை நாற்றம் இன்னொரு துன்பம். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள் என்றாலும் இரண்டும் வேறு வேறு. இந்தப் பதிவின் மீதி முழுவதும் இந்த இரண்டைப் பற்றித்தான். புற்றுச் செல் ஏன் இப்படி வீணடிக்கிறது என்றால், அதற்கு ஆற்றலைவிட அவசரமாகத் தேவைப்படுவது கட்டுமானப் பொருள். இரண்டாகப் பிரிய வேண்டிய செல்லுக்குப் புதிய டி.என்.ஏ., புதிய சவ்வு, புதிய புரதம் எல்லாம் வேண்டும். குளுக்கோஸை வேகமாக உடைக்கும் பாதையின் கிளைவழிகள் அவற்றுக்கான மூலப்பொருளைத் தருகின்றன.

இந்த இடத்தில் அத்தை பார்த்த காணொளி நின்றுவிடுகிறது; உண்மை நிற்கவில்லை. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி அளவு. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் அந்த ஒரு கரண்டியைக் குறையாமல் காப்பது கல்லீரலின் வேலை. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 7 கிராம் குளுக்கோஸைக் கல்லீரல் இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இருப்பு தீர்ந்தால் தசைப் புரதத்தைக் கரைத்தாவது விடும். ஆகவே சமையலறை டப்பாவை ஒளித்துவைத்ததால் மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்ட் பட்டினி கிடக்காது. கீமோதெரபியில் ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருந்த மாமாவின் தொடைத் தசைதான் கரையும். உண்மையில் மருத்துவமனை உணவு ஆலோசகர் தடுத்தது கரும்புச் சாற்றை மட்டுமே. அதுவும் இனிப்புக்காக அல்ல. வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாள்களில் காய்ச்சாத சாற்றில் இருக்கும் கிருமி ஆபத்து என்பதற்காக.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று, பொதுவெளிப் பேச்சில் வருவதே இல்லை. புற்றுச் செல்லை எதிர்க்க வேண்டிய டி செல் என்னும் வெள்ளணு வகையும் அதே கரும்பைத்தான் அதே முறையில் ஆட்டுகிறது. ஓய்வில் இருக்கும் டி செல் சிக்கனக்காரன். கிடைத்ததை முழுக்க எரித்துக் காலம் தள்ளும். எதிரியைக் கண்டு விழித்துக்கொண்டதும் சில மணி நேரத்தில் போக்கை மாற்றி, குளுக்கோஸை மடமடவென்று இழுத்து லாக்டேட்டாக, அதாவது லாக்டிக் அமிலத்தின் கரைந்த வடிவமாக, வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. ஏனென்றால் அதுவும் இப்போது வேகமாகப் பெருக வேண்டும். ஒன்று ஆயிரக்கணக்கில் ஆக வேண்டும். வார்பர்க் கண்டது புற்றுநோயின் தனிக் கயமை அன்று, அவசரமாகப் பெருகும் செல்களின் பொதுக்குணம். ஆகவே குளுக்கோஸ் பாதையை மருந்தால் அடைத்துவிட்டால் புற்று சாகும் என்று நினைத்தால், காவலுக்கு நிற்பவனின் சோற்றிலும் அதே கை மண் போடும்.

குளுக்கோஸ் கிடைக்காத டி செல் உடனே செத்துவிடுவதில்லை. இருந்துகொண்டே வேலை செய்யாமல் போகிறது. இதற்கு 2013இல் காட்டப்பட்ட ஒரு வழிமுறை, எத்தனை முறை வகுப்பில் நடத்தினாலும் எனக்கு அலுப்பதில்லை. குளுக்கோஸை உடைக்கும் வரிசையில் நடுவில் ஜி.ஏ.பி.டி.எச். என்று ஒரு நொதி இருக்கிறது. குளுக்கோஸ் வந்துகொண்டிருக்கும் வரை அது தன் வேலையில் மும்முரமாக இருக்கும். வரத்து நின்றால் வேலையில்லாத அந்த நொதி, இன்டர்ஃபெரான் காமா என்னும் போர்ப்பொருளுக்கான செய்தி ஆர்.என்.ஏ.யின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. செய்தி இருக்கிறது, அதைப் படித்துப் புரதம் செய்ய வழியில்லை. சோறு இல்லாத வீட்டில் வேலையற்று நிற்பவன் வாசற்படியை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதைப் போன்றது இது. பசியை உணர்ந்து ஆயுதத்தை மடக்கும் ஏற்பாடு டி செல்லின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 2015இல் எலிகளின் கட்டிகளில் செய்த ஆய்வுகள், குளுக்கோஸை வேகமாக விழுங்கும் புற்றுச் செல்கள் பக்கத்து டி செல்களை இந்த நிலைக்குத் தள்ள முடியும் என்று காட்டின.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் விளக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்தான் ஆயிரம் அடிக்கு போர் போட்டால் நம் கிணறு வற்றுவது மாதிரி என்றார். ஆமாம் என்றேன். ஆனால் கொங்கு நாட்டுக்காரருக்குக் கிணறு இன்னொரு விதத்திலும் கெடும் என்பது தெரியும். மாமாவின் சம்பந்தி வீடு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கிய காலத்தில், அங்கே கிணற்றில் தண்ணீர் இருந்தது, பாய்ச்சத்தான் முடியவில்லை. எனக்கு இரண்டாவது கிணறுதான் முக்கியமாகப் படுகிறது. இரத்தப் புற்றுநோயில் நோயாளிகளிடம் நேரடியாகப் பார்க்கப்பட்ட சான்றும் இந்தப் பக்கம்தான் கனமாக இருக்கிறது.

லாக்டிக் அமிலம் என்பது அந்த ஈரச் சக்கை. விழித்த டி செல்லும் லாக்டேட்டை வெளியேற்றித்தான் பிழைக்க வேண்டும் என்று சொன்னேன். சவ்வில் அதற்கென்று ஒரு வாயில் இருக்கிறது. அந்த வாயில் வழியாகச் சரக்கு, கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். வெளியில் புற்றுச் செல்கள் கொட்டிய லாக்டிக் அமிலம் ஏற்கெனவே நிறைந்திருந்தால், டி செல்லின் கழிவு உள்ளேயே தங்கும். உள்ளே புளிப்பு ஏறும், குளுக்கோஸ் உடைக்கும் பாதை தன் கழிவிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனித்துப் பாருங்கள், இங்கே குளுக்கோஸுக்குப் பஞ்சமே இல்லை. கரும்பு கொட்டிக் கிடக்கிறது. ஆலையைச் சுற்றிச் சக்கை மலையாகக் குவிந்து கதவைத் திறக்க முடியவில்லை.

இது மாமாவுக்கு நேரடியாகப் பொருந்தியதற்குக் காரணம், அவருக்கு அடுத்த கட்டமாக மஜ்ஜை மாற்றம் பேசப்பட்டதுதான். முதல் சுற்று மருந்து, ஏழு நாள் சைட்டராபினும் மூன்று நாள் டானோரூபிசினும், பிளாஸ்டை அடக்கியது. ஆனால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவருடைய தம்பியின் குருத்துச் செல்களை, அதாவது இரத்தச் செல்கள் எல்லாம் பிறக்கும் மூலச் செல்களை, ஏற்றலாம் என்றார்கள். இதில் பலரும் நினைப்பதுபோல் கெட்ட மஜ்ஜைக்குப் பதில் நல்ல மஜ்ஜை என்பது பாதிதான். தம்பியின் டி செல்கள், உள்ளே ஒளிந்திருக்கும் மீதி லுகேமியாச் செல்களை அந்நியராக அடையாளம் கண்டு கொல்வதே அந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. அப்படியிருந்தும் சிலருக்கு நோய் ஏன் திரும்புகிறது என்பதற்கு ஜெர்மனியின் ஃபிரைபர்க் ஆய்வாளர்கள் 2020இல் ஒரு விடை தந்தார்கள். லுகேமியாச் செல்கள் கொட்டும் லாக்டிக் அமிலம், கொடையாளியின் டி செல்களுடைய குளுக்கோஸ் பயன்பாட்டையே முடக்குகிறது. அமிலத்தைச் சமன்செய்ய சோடியம் பைகார்பனேட் கொடுத்தபோது, எலிகளில் அந்த டி செல்கள் மீண்டும் சுறுசுறுப்பாயின. மாற்றத்துக்குப் பின் நோய் திரும்பிய மனிதர்களின் டி செல்களிலும் வளர்சிதை மாற்றம் தேறி, இன்டர்ஃபெரான் காமா உற்பத்தி கூடியது.

இதை நான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆர்வமாகச் சொல்லித் தொலைத்தேன். சோடியம் பைகார்பனேட் என்றால் என்ன அம்மிணி என்று அத்தை கேட்டார். ஆப்பத்துக்குப் போடும் சோடா மாவுதான் அத்தை என்று சொல்லி முடிப்பதற்குள், அவருடைய கண் அடுப்படி அலமாரிப் பக்கம் போய்விட்டது. அதற்கடுத்த அரை மணி நேரம், அந்தச் சோடாவைத் தொடக்கூடாது என்று கெஞ்சுவதில் கழிந்தது. ஆய்வில் கொடுத்தது மருத்துவர் கண்காணிப்பில், இரத்தத்தின் உப்பு அளவுகளைப் பார்த்துக்கொண்டு. வீட்டில் கரண்டியால் அள்ளிக் கரைத்துக் குடித்தால் சோடியம் ஏறி, ஏற்கெனவே மருந்துகளால் அடிபட்ட சிறுநீரகமும் இதயமும்தான் பாதிக்கப்படும். அது வழக்கமான சிகிச்சையும் ஆகிவிடவில்லை. அறிவியலை வீட்டில் பேசும்போது வாயை எங்கே மூட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

குளுக்கோஸும் லாக்டேட்டும் மட்டுமே கதை என்று நினைத்துவிடக் கூடாது. புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களிலும் இதே பங்காளிச் சண்டை நடக்கிறது. ஏ.எம்.எல். பிளாஸ்ட்கள் ஆர்ஜினேஸ் என்னும் நொதியை வெளியே விட்டு, சுற்றிலும் இருக்கும் ஆர்ஜினைனைச் சிதைக்கின்றன என்று 2013இல் காட்டப்பட்டது. ஆர்ஜினைன் இல்லாத டி செல், எதிரியைக் கண்டதைத் தன் உட்பகுதிக்குச் சொல்லும் ஏற்பிப் புரதத்தின் ஒரு பகுதியைச் செய்ய முடியாமல், பெருகாமல் நின்றுவிடுகிறது. கடலைக்காயில் ஆர்ஜினைன் நிறைய இருக்கிறது. மாமாவும் உடனே அதைத்தான் கேட்டார். ஆனால் பெரும்பாலான ஏ.எம்.எல். செல்களால் தமக்கு வேண்டிய ஆர்ஜினைனைத் தாமே செய்துகொள்ள முடிவதில்லை. அவையும் வெளி வரத்தை நம்பித்தான் வாழ்கின்றன. ஆகவே ஊட்டுவதும் பட்டினி போடுவதும் இரு தரப்புக்கும் சேர்ந்தே நடக்கும். கடலையைப் பசிக்குச் சாப்பிடுங்கள், மருந்துக்கு வேண்டாம் என்றேன். இதே வரிசையில், சில லுகேமியாச் செல்கள் டிரிப்டோபானை உடைத்துக் கைனுரெனினாக்கி, எதிர்ப்பை அடக்கும் வகை டி செல்களை வளர்ப்பதும் உண்டு.

ஓர் அமினோ அமிலச் சண்டையில் மட்டும் மருத்துவம் தெளிவாக வென்றிருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஜான் கிட் என்பவர், கினிப்பன்றியின் இரத்தச் சீரம் எலிகளின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றைக் கரைப்பதைக் கண்டார். அதற்குக் காரணம் சீரத்தில் இருக்கும் அஸ்பரஜினேஸ் நொதி என்பதை 1961இல் ஜான் புரூம் கண்டறிந்தார். குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாச் செல்களுக்கு அஸ்பரஜினைப் போதுமான அளவு செய்துகொள்ளத் தெரியாது. இரத்தத்தில் இருப்பதை நொதி காலிசெய்துவிட்டால் அவை மடிகின்றன, மற்றச் செல்கள் பெரும்பாலும் தாமே செய்துகொண்டு பிழைக்கின்றன. இன்றைக்கும் அந்தக் குழந்தைகளின் சிகிச்சையில் இந்த ஊசி தவிர்க்க முடியாதது. ஒரு செல்லின் சமையலறையில் என்ன இல்லை என்று துல்லியமாகத் தெரிந்தால் மட்டுமே பட்டினி மருந்தாகும் என்பதற்கு இதுவே சாட்சி. சக்கரை டப்பாவை ஒளித்துவைப்பதில் அந்தத் துல்லியம் இல்லை.

எல்லாப் பழியையும் புற்றுச் செல்மேல் போட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021இல் எலிகளின் கட்டிகளில் எந்தச் செல் எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கிறது என்று தனித்தனியாக அளந்தபோது, செல்லுக்குச் செல் பார்த்தால் அதிகம் எடுத்தவை புற்றுச் செல்கள் அல்ல, அங்கே வந்து தங்கியிருந்த மைலாய்டு வகை எதிர்ப்புச் செல்கள். புற்றுச் செல்கள் முந்தியது குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தை எடுப்பதில்தான். ஏ.எம்.எல்.லின் வேராக இருக்கும் குருத்துச் செல்களோ வார்பர்க் சொன்ன வழியில் வாழ்வதே இல்லை. மைட்டோகாண்ட்ரியாவில் முழுக்க எரித்தே பிழைக்கின்றன. போதாததற்கு மஜ்ஜையின் தாங்குசெல்களிடமிருந்து மைட்டோகாண்ட்ரியாக்களையே லுகேமியாச் செல்கள் வாங்கிக்கொள்வதும் பார்க்கப்பட்டிருக்கிறது. வயதானவர்களுக்கு இப்போது கொடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ், அசாசிட்டிடின் கூட்டு மருந்து நன்றாக வேலை செய்வதற்கு, அந்தக் குருத்துச் செல்கள் அமினோ அமிலத்தை எரிக்கும் வழியை அது அடைப்பதும் ஒரு காரணம். ஆக, புற்றுநோய் என்றால் சக்கரைப் பசி என்று ஒற்றை வாக்கியமாகச் சொல்வது, இந்த நோயின் வேரைத் தொடாமல் இலையைக் கிள்ளுவதுதான்.

மாமா செய்தித்தாளில் படித்துவிட்டு, மும்பையில் புதிதாக வந்திருக்கும் சிகிச்சையைப் பற்றியும் கேட்டார். ஐ.ஐ.டி. பம்பாயும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்திய அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 அது. நோயாளியின் சொந்த டி செல்களை எடுத்து, சி.டி.19 என்னும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றுவது. பி செல் என்னும் இன்னொரு வெள்ளணு வகையில் வரும் புற்றுகளுக்கானது என்பதால் மாமாவின் நோய்க்கு அது பொருந்தாது. ஆனால் அந்த வகைச் சிகிச்சையிலிருந்து நம் பேச்சுக்கு ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா நோயாளிகளுக்கு இப்படிச் செய்தபோது, சிலருக்குப் பலித்து, பலருக்குப் பலிக்கவில்லை. 2018இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் ஏற்றப்பட்ட செல்களையே ஒப்பிட்டுப் பார்த்ததில், பலிக்காதவர்களின் செல்கள் குளுக்கோஸை அவசரமாக எரித்துக் களைத்துப்போன ரகம். பலித்தவர்களுடையவை, எதிரியை நினைவில் வைத்து நெடுநாள் வாழும் நினைவுச் செல் ரகம். நெடுநாள் நோயோடு ஒரே வீட்டில் வாழ்ந்த டி செல்லின் மைட்டோகாண்ட்ரியா முன்பே நலிந்திருக்கிறது. ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் எடுப்பதற்கு முன்பு அவன் சாப்பிட்டானா என்று கேட்க வேண்டும் என்பது இப்போதுதான் ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகி வருகிறது.

சின்ன மாமாவின் குருத்துச் செல்கள் ஏற்றி ஏழு மாதம் ஆகிறது. முதல் பரிசோதனைத் தாளில் 940 என்று இருந்த எல்.டி.எச். இப்போது 200க்குக் கீழே. குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை லாக்டேட்டாக்கும் நொதிதான் எல்.டி.எச்.; செல்கள் உடையும்போது இரத்தத்தில் கசிவதைத்தான் அந்த எண் காட்டுகிறது. மஜ்ஜையில் பிளாஸ்ட் காணவில்லை. அத்தை சக்கரை டப்பாவைத் திரும்ப எடுத்து வைத்து, தைப்பொங்கலுக்குச் சக்கரைப் பொங்கலும் வைத்தார்.

ஆனால் தம்பியின் டி செல்கள் லுகேமியாவோடு நிற்காமல் மாமாவின் தோலையும் கொஞ்சம் பதம் பார்க்க ஆரம்பித்ததால், மாசியில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் 210 காட்டியது. இந்த முறை டப்பாவை எடுத்துவைக்கச் சொன்னவர் மருத்துவரேதான், புற்றுநோய்க்காக அல்ல, சக்கரை நோய்க்காக. மாமா தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, உங்கத்தை செயிச்சுப்போட்டா" என்று சொல்லிச் சிரித்தார்.